இன்னொரு குழந்தை பொறந்தா அடி நின்னுடுமா?

குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அவரோட பெரியம்மா பொண்ணு, பன்னெண்டாவது முடிச்சவங்க, ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போறாங்க, மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்கு, இப்ப மறுபடி நாலு மாசம். வீட்டுக்காரர் அடிக்கிறார். பெரியவங்க சொல்றது ரெண்டே ரெண்டுதான், "குடிய விட்டான்னா சரியாயிடுவான்", "இந்த வாட்டி பையனா பொறந்துட்டா மாறிடுவான்". இது நெசமா, படிச்சு சம்பாதிக்கிற பொண்ணுக்கே ஏன் இப்படி நடக்குது, நாங்க என்ன பண்ணலாம்னு கேக்குறார்.

தம்பி, நான் வேலூரச் சுத்தி கர்ப்பிணிங்க வர்ற ஓபியிலயும் கிராமத்துலயும் கவுன்சிலரா வேலை பார்த்தவ. அதனால முதல்லயே சொல்லிடறேன், குழந்தை பொறந்து அடி நின்ன வீடுன்னு ஒண்ணு ரெண்டு இருக்கலாம், ஆனா அத நம்பி ஒரு பொண்ண அங்க விட்டுட்டு காத்திருக்கக் கூடாது. சொல்லப்போனா நிறைய வீட்ல சண்டையே குழந்தைய வச்சுதான். எப்ப பெத்துக்கணும், எத்தனை, ஆணா பொண்ணா, ஆபரேஷன் பண்ணலாமா வேணாமா, எல்லாத்துலயும் யார் சொல்றது நடக்கணும்ங்கிறதுதான் அங்க பிரச்சனை. அந்த வீட்ல இன்னொரு குழந்தைங்கிறது தீர்வு இல்ல, சண்டைக்கு இன்னொரு காரணம்.

இது எவ்ளோ பரவலா நடக்குதுன்னு மொதல்ல பாத்துடுவோம், ஏன்னா "எங்க வீட்ல மட்டும்தான் இப்படி"ன்னு நெனச்சு வாய மூடிக்கிறவங்கதான் ஜாஸ்தி. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல (அஞ்சாவது சுற்று) 18ல இருந்து 49 வயசு வரைக்கும் கல்யாணம் ஆன பெண்கள்கிட்ட கேட்டப்ப, புருஷன்கிட்ட உடல்ரீதியாவோ பாலியல்ரீதியாவோ வன்முறைய அனுபவிச்சிருக்கேன்னு சொன்னவங்க தமிழ்நாட்ல 38 சதவீதம். இந்திய சராசரி 29. அதுக்கு முந்தின சுற்றுல நம்ம கணக்கு 45 இருந்துச்சு, கொறஞ்சிருக்கு, ஆனாலும் பொம்பள புள்ளைங்க படிப்பு, ஆஸ்பத்திரி பிரசவம் எல்லாத்துலயும் முன்னாடி நிக்கிற மாநிலம் இதுல மட்டும் சராசரிக்கு மேல நிக்குது. இது தனியா உக்கார வச்சு கேட்டப்ப வாயத் தொறந்து சொன்னவங்க கணக்கு மட்டும், சொல்லாதவங்க இதுல வரல.

அதே ஆய்வுல இன்னொரு கேள்வி இருக்கு. சொல்லாம வெளிய போனா, சமையல் சரியில்லன்னா, எதுத்துப் பேசினா, மாமனார் மாமியார மதிக்கலன்னா, புருஷன் அடிக்கிறது சரியான்னு கேப்பாங்க. ஏதோ ஒரு காரணத்துக்காவது சரிதான்னு சொன்ன பெண்கள் நம்ம ஊர்ல பத்துக்கு ஏழு பேருக்கு மேல. அடி வாங்குறவங்களே சரின்னு சொன்னா அப்புறம் யார் கேப்பாங்க. உங்க பெரியம்மாவும் அந்த ஏழுல ஒருத்தங்களா இருக்கலாம், அவங்கள திட்டாதீங்க, அவங்க வாழ்ந்த வீட்ல அதுதான் வழக்கமா இருந்திருக்கும்.

சரி, குடி. குடிக்கு சம்பந்தமே இல்லன்னு சொன்னா அது பொய். அந்த ஆய்வுலயே, அடிக்கடி போதையாகுற புருஷன் இருக்குற பெண்கள்ல 70 சதவீதம் பேர் வன்முறைய சொல்லியிருக்காங்க, குடிக்கவே குடிக்காத புருஷன் இருக்குறவங்கள்ல 23 சதவீதம். எவ்ளோ வித்தியாசம் பாருங்க. ஆனா அந்த 23ஐயும் பாக்கணும். குடிக்காதவங்க வீட்லயே நாலு பொண்ணுல கிட்டத்தட்ட ஒருத்தருக்கு அடி விழுது. அப்ப குடி நெருப்ப ஊதி விடுது, நெருப்பு வேற எங்கயோ இருக்கு. நான் குடும்பங்கள்ல கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. அவரு குடிச்சிட்டு கம்பெனி சூப்பர்வைசர அடிச்சிருக்காரா? வட்டிக்குக் குடுத்தவர அடிச்சிருக்காரா? இல்ல. டாஸ்மாக்ல இருந்து வீடு வரைக்கும் வழியில எத்தனை பேர் வர்றாங்க, யாரையும் தொடல, வீட்டுக்கு வந்து கதவ சாத்திட்டு, அதுவும் ஜாக்கெட்டுக்குள்ள மறைஞ்சு போற எடமா பாத்து அடிக்கிறார்னா அதுல போதை பாதி, நெதானம் பாதி.

நம்ம ஊர் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சியே இருக்கு. 1990கள் கடைசில வேலூர், சென்னை, டெல்லி, லக்னோ, போபால், நாக்பூர், திருவனந்தபுரம்னு ஏழு இடத்துல 10 ஆயிரத்துக்கு கொஞ்சம் கம்மியான பெண்கள்கிட்ட கேட்டாங்க, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில புள்ளியியல் பேராசிரியரா இருந்த ஜெயசீலன் அதுல முக்கியமான ஆள். நாலு பேர்ல ஒருத்தர் புருஷன்கிட்ட அடி வாங்கியிருக்காங்க. தனியா தெரிஞ்ச காரணங்கள்ல ரெண்டு, புருஷனோட தொடர் குடி ஒண்ணு, சின்ன வயசுல அப்பா அம்மாவ அடிக்கிறத பாத்து வளந்தது இன்னொண்ணு. ரெண்டாவதப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. மாப்பிள்ளை பாக்கப் போறப்ப வேலை, வீடு, ஜாதகம், சொந்த பந்தம் எல்லாம் விசாரிப்போம், மாப்பிள்ளையோட அம்மா அடி வாங்கினவங்களான்னு எவனாவது விசாரிச்சிருக்கோமா? உங்க அக்கா பொண்ணுக்கு மூணு வயசுன்னு சொன்னீங்க, ராத்திரி சத்தம் கேட்டா அது எங்க போய் ஒளியுதுன்னு ஒரு தடவ அக்காகிட்ட கேளுங்க.

குடி நிறுத்துற சிகிச்சைக்கு அவர் வந்தா நல்லதுதான், தாராளமா கூட்டிட்டு போங்க. ஆனா "சிகிச்சை முடியட்டும் அதுவரைக்கும் பொறுத்துக்கோ"ன்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க. குடிய விட்ட அப்புறமும் சந்தேகம் விடாம, போன புடுங்கிப் பாக்குற ஆளுங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

இப்ப படிப்பு, வேலை. படிச்சா அடி கொறையுதுங்கிறது மொத்தக் கணக்குல உண்மைதான், பள்ளிக்கூடமே போகாத பெண்கள்ல 40 சதவீதம், பன்னெண்டாவதும் அதுக்கு மேலயும் படிச்சவங்கள்ல 18 சதவீதம், இது இந்தியா முழுக்க. ஆனா 18ங்கிறதும் சின்ன எண் இல்ல, உங்க அக்கா அதுல மாட்டிக்கிட்டவங்க. வேலை விஷயம் இன்னும் சிக்கல். பெங்களூர்ல ஏழைங்க வாழ்ற பகுதிகள்ல 16ல இருந்து 25 வயசு வரைக்கும் உள்ள கல்யாணம் ஆன 744 பெண்கள ரெண்டு வருஷம் பின்தொடர்ந்து பாத்தாங்க, 2010ல வெளிவந்துச்சு. முதல்ல வேலை இல்லாம இருந்து நடுவுல வேலைக்குப் போக ஆரம்பிச்சவங்களுக்கு வன்முறைக்கான வாய்ப்பு 80 சதவீதம் ஜாஸ்தியா இருந்துச்சு. புருஷனுக்கு வேலை நெலைக்காத வீட்லயும் அப்படித்தான். காரணம் புரியறது ஒண்ணும் கஷ்டமில்ல. வீட்ல சம்பாதிக்கிறவன்தான் ஆம்பளன்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டு, அவன் சும்மா இருக்குறப்ப அவ சம்பளம் வாங்கினு வந்தா அவனால தாங்க முடியல.

நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இது தெனம் நடக்குற கதை. கம்பெனி பஸ் காலையில ஏத்திக்கும், ஓவர்டைம்னா வர்றதுக்கு இருட்டிடும். இறங்குற எடத்துல இருந்து வீட்டுக்கு வர பத்து நிமிஷம், பாஞ்சு நிமிஷம் ஆனா "எவன்கூட பேசினு வந்த". சூப்பர்வைசர் நம்பர் போன்ல இருந்தா ஒரு சண்டை, அழிச்சிட்டா "ஏன் அழிச்ச"ன்னு இன்னொரு சண்டை. சம்பளம் அவங்க பேர்ல பேங்க்ல ஏறும், ஏடிஎம் கார்டு அவர் பர்ஸ்ல இருக்கும். வாரா வாரம் குழு லோன் கட்டணும், அந்த லோன் எடுத்து யாருக்கு வண்டி வாங்கினாங்கன்னு கேட்டா பதில் வராது. அரசாங்கம் மாசம் 1000 ரூபா மகளிர் உரிமைத் தொகை போடுது, பிரசவத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபா (ஊட்டச்சத்து பெட்டகத்தோட சேத்து) தவணை தவணையா வருது, ரெண்டுமே அவங்க கணக்குக்குத்தான் வருது, எடுக்குறது யாருன்னு மட்டும் கேளுங்க. வேலை பாதுகாப்பு குடுக்கணும்னா சம்பளம் அவங்க கையில நிக்கணும்.

கையில நிக்கிறதுங்கிறதுக்கு இன்னும் ஒரு படி மேல இருக்கு. திருவனந்தபுரம் மாவட்டத்துல பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் பண்ணின ஆய்வு, 2005ல வந்தது. தன் பேர்ல நிலமும் இல்ல வீடும் இல்லங்கிற பெண்கள்ல 49 சதவீதம் பேர் அடி வாங்கினதா சொன்னாங்க. நிலம் மட்டும் இருந்தவங்க 18, வீடு மட்டும் இருந்தவங்க 10, ரெண்டும் இருந்தவங்க 7. எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல இவ்ளோ பளிச்சுனு பேசுற கணக்கு வேற இல்ல. "வெளிய போடி"ன்னு சொல்ல முடியாத வீட்ல கை ஓங்குறதுக்கு முன்னாடி அவனே யோசிப்பான். நம்ம பக்கம் பொண்ணுக்கு நகை, பீரோ, கட்டில், பைக்குன்னு எல்லாத்தையும் தூக்கிக் குடுக்குறோம், எல்லாமே அடகுக்கடைக்குப் போற பொருள், ஒரு சென்ட் மனை அவ பேர்ல எழுதிக் குடுன்னா மட்டும் அண்ணன் தம்பிக்கு மூஞ்சி மாறிடுது. தம்பி, இத கோவிச்சுக்காதீங்க, உங்க வீட்டையும் சேத்துதான் சொல்றேன்.

காதல் கல்யாணம்னா சேஃப், சொந்தத்துல குடுத்தா சேஃப்னு ரெண்டு நம்பிக்கை இருக்கு, ரெண்டையும் நம்பாதீங்க. பெங்களூர்ல அதே இளம்பெண்கள் ஆய்வுல காதல் கல்யாணம் பண்ணவங்களுக்கு வன்முறை ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு, கல்யாணத்துக்கு அப்புறம் வரதட்சணை கேட்டு நச்சரிச்ச வீட்லயும் ஜாஸ்தி. காதல்ல தப்பு இல்ல, பொறந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்குங்கிறது அவனுக்குத் தெரியும், அதான் விஷயம். மாமனக் கட்டிக்கிட்டவங்களுக்கு வேற மாதிரி, அக்கா பொண்ணையே கட்டினா மாமியார் யாரு? அவங்க பாட்டி. அடி வாங்கினு அம்மா வீட்டுக்கு ஓடி வந்தா, அம்மா தன் சொந்தத் தம்பிய எப்படி விட்டுக்குடுப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு வெளியாளுன்னு போய் சொல்ல ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க.

இனிமே நீங்க கேட்ட முக்கியமான விஷயத்துக்கு வரேன், குழந்தை.

கல்யாணமான புதுசுல "விசேஷம் உண்டா"ன்னு ஊரே கேக்கும். ஒரு வருஷம் தள்ளிப் போச்சுன்னா பொண்ணுக்கு டெஸ்ட்டு, ஸ்கேன், கோயில், பரிகாரம்னு எல்லாம் நடக்கும், பையன் ஒரே ஒரு விந்து பரிசோதனைக்கு வர மாட்டான், குழந்தை இல்லாத தம்பதிங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கும்னு தெரிஞ்சும். "மலடி"ங்கிற வார்த்தை அடிய விட மோசமா விழுறத பாத்திருக்கேன், ரெண்டாங்கல்யாணம் பண்ணி வைப்போம்னு மெரட்டுறதும் வன்முறைதான்.

குழந்தை உடனே பொறந்துட்டா அடுத்த கதை. "இப்ப வேணாம்"னு சொல்ற உரிமை அவளுக்கு இருக்கா? ராத்திரி அவர் போதையில வர்றார், இவளுக்கு விருப்பம் இல்ல, முடியாதுன்னா அடி, இல்லன்னா "எவன் கூட முடிச்சிட்டு வந்த". இந்த வார்த்தைய ஓபியில சொல்றப்ப அந்தப் பொண்ணுங்க தரையப் பாத்துதான் சொல்வாங்க. கட்டாயப்படுத்தி உறவு வச்சுக்கிறவன் ஆணுறை போடுவானா? அங்க இருந்துதான் வேண்டாத கர்ப்பம், இடைவெளி இல்லாத பிரசவம், மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டு ரத்தப்போக்கோட ஆஸ்பத்திரிக்கு வர்றது, புருஷன்கிட்ட இருந்து நோய்த்தொற்று எல்லாம் கெளம்புது. நம்ம சட்டத்துல 18 வயசுக்கு மேல உள்ள மனைவிய புருஷன் கட்டாயப்படுத்தினா அது பலாத்காரக் குத்தம் ஆகாதுன்னு இன்னும் விதிவிலக்கு இருக்கு, புதுசா வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் அப்படியே வச்சிருக்காங்க. ஆனா குடும்ப வன்முறைச் சட்டத்துல பாலியல் கொடுமையும் வன்முறைதான்னு இருக்கு, அத வச்சு வழக்குப் போடலாம். 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட், கருக்கலைப்புச் சட்டத்த பொறுத்தவரைக்கும் புருஷன் பண்ணின கட்டாய உறவையும் பலாத்காரமா எடுத்துக்கணும்னு சொல்லிடுச்சு.

அப்ப ஏதாவது தடுப்பு முறை பண்ணிக்கலாம்னு பாத்தா அதுலயும் வம்பு. காப்பர் டி போட்டா "யாருக்குப் பயந்து போட்ட". மூணு மாசத்துக்கு ஒரு தடவ போடுற அந்தரா ஊசி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இலவசம், வீட்ல தெரியாம போட்டுக்கிறவங்க அத விரும்புறதுக்கு காரணமே கையில மாத்திரை அட்டை, நூல், எதுவும் தட்டுப்படாதுங்கிறதுதான், ஆனா அதுல மாசவிடாய் முன்ன பின்ன ஆகும், நின்னும் போகும், மாமியார் கண்ணுக்கு அது தப்பாது. கடைசில எல்லாரும் வந்து நிக்கிறது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்ல. நம்ம மாநிலத்துல கல்யாணம் ஆன பெண்கள்ல பாதிக்கு மேல அத பண்ணிக்கிட்டவங்க, ஆம்பளைங்க பண்ணிக்கிறது கணக்குலயே வராது, இத்தனைக்கும் அவங்களுக்குத்தான் அது சின்ன வேலை. ஆபரேஷன் பண்ணிட்டா நிம்மதின்னு நெனைப்போம், ஆனா "இனிமே உனக்கு பயமில்ல, எங்க வேணா போவ"ன்னு அதையும் சந்தேகத்துக்கு எடுத்துக்கிறான்.

கர்ப்பம் ஆனா கை வைக்க மாட்டாங்கன்னு ஒரு நெனப்பு ஊர்ல இருக்கு. சில பேர் அந்த நேரத்துல நிறுத்துறதும் உண்டு. ஆனா நிறைய பேருக்கு அப்பதான் முதல் அடியே விழுது, ஏற்கனவே விழுந்துட்டு இருந்தா வயித்தப் பாத்து விழுது. அவ சாயந்திரம் சீக்கிரம் படுத்துடறா, முன்ன மாதிரி வேலை செய்ய முடியல, உறவுக்கு ஒத்துக்க முடியல, ஓவர்டைம் காசு கொறையுது, செலவு ஏறுது, எல்லாத்துக்கும் மேல வீட்ல எல்லார் கவனமும் அவ மேல போகுது. உதைச்சா நஞ்சுக்கொடி பிரிஞ்சு ரத்தப்போக்கு ஆகலாம், கொறமாசப் பிரசவம் ஆகலாம். உலக சுகாதார நிறுவனம் 2013ல தொகுத்த அறிக்கையில, துணையோட வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எடை கொறஞ்ச குழந்தை பொறக்க 16 சதவீதம் வாய்ப்பு ஜாஸ்தி, கருக்கலைப்புக்குப் போற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு போட்டிருக்காங்க.

அடுத்து பையன் கதை. ஆணா பொண்ணாங்கிறது அப்பாவோட அணுவுலதான் இருக்குன்னு பத்தாவது பாடத்துலயே வந்துடுச்சு, பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியாச்சு, வீட்ல மட்டும் அந்தப் பாடம் செல்லாது. நம்ம வழக்கப்படி வளைகாப்பு போட்டு தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடுவோம் இல்லையா, அந்த சில மாசம் பொண்ணு நல்லா தூங்குவா, ஒடம்பு தேறும். பொண்ணு பொறந்துச்சுன்னா கூட்டிட்டுப் போக ஆள் வராது. அஞ்சாவது மாசம், ஏழாவது மாசம்னு நாள் தள்ளிக்கிட்டே போகும், இங்க அக்கம் பக்கத்துல "இன்னாம்மா உன் பொண்ணு இன்னும் போவலயா"ன்னு கேக்க ஆரம்பிச்சதும் அப்பாவே வண்டி பிடிச்சு, அரை பவுன் மோதிரம் வாங்கி, மாப்பிள்ளை கையில காலுல விழாத கொறையா கொண்டு போய் விட்டுட்டு வருவார். அந்தப் பொண்ணு அந்த வீட்டுக்குள்ள எந்த நிலைமையில திரும்பிப் போறான்னு யோசிச்சுப் பாருங்க. அடிச்சா கேக்க ஆள் வரமாட்டாங்கன்னு எழுதிக் குடுத்த மாதிரி. சிஎம்சி மருத்துவர்கள் கிராமத்துப் பெண்கள கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல இருந்து பின்தொடர்ந்து 2002ல வெளியிட்ட ஆய்வுல, பிரசவத்துக்கு அப்புறம் புதுசா மனச்சோர்வு வந்தவங்க 11 சதவீதம், அதோட சேந்து நின்ன காரணங்கள் கம்மி வருமானம், பையன எதிர்பாத்து பொண்ணு பொறந்தது, மாமியாரோடயும் பெத்தவங்களோடயும் மனஸ்தாபம், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. பெத்தவங்களோடவும்ங்கிறத கவனிங்க. சரி, பையன் பொறந்துட்டா? கொஞ்ச நாள் மரியாதை கூடும், பிரியாணி போடுவாங்க. அப்புறம் "என் பையன விட்டுட்டு போடி"ன்னு மெரட்ட ஒரு புது ஆயுதம் கெடைச்சிருக்கும். குழந்தைங்க எண்ணிக்கை கூட கூட வன்முறைய சொல்ற பெண்களும் கூடுறாங்கன்னுதான் குடும்ப நல ஆய்வும் காட்டுது. அதுல வறுமை, கல்யாணமாகி எத்தனை வருஷம்ங்கிறதெல்லாம் கலந்திருக்கு, ஆனா குழந்தை காப்பாத்துதுன்னு சொல்ல அங்க ஆதாரம் இல்ல.

இவ்ளோ நடக்குது, ஆஸ்பத்திரில தெரியாதான்னு கேப்பீங்க. ஒரு செக்கப் நாள் எப்படி இருக்கும்னு சொல்றேன். காலையில இருந்து வரிசை, பொண்ணு உள்ள வர்றா, கூடவே மாமியார், இல்லன்னா புருஷன். கையில முழங்கைக்கு மேல பச்சையா கன்னிப்போயிருக்கு, நாலு வெரல் அகலத்துக்கு. "என்னம்மா இது"ன்னு கேட்டா பொண்ணு வாயத் தொறக்கறதுக்குள்ள மாமியார், "பாத்ரூம்ல வழுக்கிட்டா மேடம், சொன்னா கேக்க மாட்டா". வழுக்கினவங்களுக்கு முழங்கை, முட்டி, உள்ளங்கையிலதான் அடிபடும், மேல் கையில வெரல் தடம் விழாது. அப்ப "எடை பாக்கணும், சிறுநீர் எடுக்கணும், கூட வந்தவங்க வெளிய இருங்க"ன்னு சொல்லி கதவ சாத்திட்டு, "வீட்ல யாராவது கை வைக்கிறாங்களாம்மா"ன்னு மெதுவா கேட்டா, பத்து நிமிஷத்துல எல்லாம் வந்துடும். கேக்குறதுக்கு ஆளும் எடமும் இல்லாததாலதான் வராம போகுது. அடி வாங்கினேன்னு சொல்லி யாரும் ஓபி சீட்டு போட மாட்டாங்க, ஒடம்பெல்லாம் வலி, தலை சுத்தல், வெள்ளைப்படுது, அடிவயித்து வலி, தூக்கம் இல்ல, இப்படித்தான் வருவாங்க, ஸ்கேன்ல ஒண்ணும் இருக்காது, சத்து மாத்திரையோட திரும்பிப் போவாங்க. இந்திய அளவுல வன்முறைக்கு ஆளானவங்கள்ல உதவி தேடினவங்க 14 சதவீதம்தான், அதுவும் பெரும்பாலும் பொறந்த வீட்லதான் சொல்லியிருக்காங்க. டாக்டர்கிட்டயும் போலீஸ்கிட்டயும் போனவங்க ரொம்ப சொற்பம். அதனாலதான் தம்பி பொறந்த வீட்டு ஆளா நீங்க என்ன பண்றீங்கங்கிறது இவ்ளோ முக்கியம்.

என்ன பண்ணலாம். மொதல்ல அக்காகிட்ட தனியா பேசுங்க, போன்ல வேணாம், போன் அவர் கையிலயும் இருக்கும். "நீ ஏன் பொறுத்துக்கிற"ன்னு ஆரம்பிக்காதீங்க, "உன் தப்பு இல்ல, நீ எப்ப வந்தாலும் கதவு தொறந்திருக்கும்"னு சொல்லுங்க, சொல்றதுக்கு முன்னாடி அது நெசமா தொறந்திருக்கான்னு பெரியம்மா பெரியப்பாகிட்ட பேசி முடிவு பண்ணிக்கோங்க. அவங்க கெளம்பணுமா இருக்கணுமாங்கிற முடிவு அவங்களோடது, நீங்க நாலு பேர கூட்டிட்டுப் போய் அவர அடிச்சிட்டு வந்தீங்கன்னா அந்த அடி அன்னைக்கு ராத்திரியே அக்காவுக்கு வட்டியோட திரும்பும். கழுத்த நெரிக்கிறது, வயித்துல உதைக்கிறது, கத்தி மண்ணெண்ணெய்னு எடுத்து மெரட்டுறது, இதுல ஒண்ணு நடந்திருந்தாலும் இது சாதாரண சண்டை இல்ல, உயிருக்கு ஆபத்து, அப்ப நாள் பாக்காதீங்க. பொதுவா பிரிஞ்சு வர்ற நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரம், அதனால "நான் போறேன்"னு அவர்கிட்ட சொல்லிட்டு கெளம்பறத விட சொல்லாம கெளம்பறது நல்லது. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பாப்பாவோட பிறப்புச் சான்றிதழ், கர்ப்பிணி அட்டை எல்லாத்தையும் போட்டோ எடுத்து உங்க போன்ல வச்சுக்கோங்க, ஏடிஎம் கார்டு தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லி பேங்க்ல புதுசு வாங்கலாம், பின் நம்பர் மாத்தலாம்.

அக்கா ரொம்ப சோர்ந்து போய் "வாழவே பிடிக்கல"ங்கிற மாதிரி பேசினா அத மெரட்டல்னு நெனச்சு விட்டுடாதீங்க. வேலூர் பக்கத்துல கணியம்பாடி ஒன்றியத்துல 1992ல இருந்து 2001 வரைக்கும் பாத்த கணக்குல 10ல இருந்து 19 வயசு பொண்ணுங்க தற்கொலை லட்சத்துக்கு 148, பசங்க 58. எல்லாமே புருஷன் அடிச்சதால இல்ல, கல்யாணம் ஆகாத புள்ளைங்களும் அதுல உண்டு, ஆனா நம்ம பக்கத்து வீடுகள்ல பொண்ணுங்க எவ்ளோ நெருக்கடியில இருந்திருக்காங்கன்னு அது சொல்லுது. தனியா விடாம கூட இருந்து மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

சட்டத்துல, 2005ல வந்து 2006 அக்டோபர் 26ல இருந்து நடைமுறையில இருக்குற குடும்ப வன்முறைச் சட்டம்தான் உங்களுக்கு முதல்ல தேவைப்படும். அது புருஷன ஜெயிலுக்கு அனுப்புறதுக்குன்னு வந்த சட்டம் இல்ல, அடிக்கக் கூடாதுன்னு தடை உத்தரவு, அதே வீட்ல தங்குற உரிமை, ஜீவனாம்சம், குழந்தை பொறுப்பு, இதெல்லாம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல வாங்கலாம். தடை உத்தரவ மீறினாத்தான் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். வீடு மாமனார் பேர்ல இருக்குன்னு சொல்லி தொரத்துவாங்க, அவங்க புருஷனோட குடித்தனம் பண்ணின வீடா இருந்தா யார் பேர்ல இருந்தாலும் அங்க இருக்க உரிமை கேக்கலாம்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. போக வேண்டிய எடம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல விசாரிச்சா தெரியும், மாவட்ட சமூக நல அலுவலகம், அங்க பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்களே அறிக்கை எழுதி கோர்ட்டுக்கு அனுப்புவாங்க. வக்கீலுக்கு காசு இல்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா குடுப்பாங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, 2019ல வேலூர் மூணா பிரிஞ்சதுக்கு அப்புறம் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், குடியாத்தம் வேலூர் மாவட்டம். அக்கா இப்ப எங்க தங்கியிருக்காங்களோ அங்கயே மனு போடலாம், அம்மா வீட்டுக்கு வந்துட்டா வேலூர்லயே போடலாம், ஆம்பூருக்கு அலைய வேண்டாம். அவசரம்னா 181, அது பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, அந்த நேரத்துல அடி விழுதுன்னா 112. தங்க எடம், சிகிச்சை, கவுன்சிலிங், போலீஸ் உதவி எல்லாம் ஒரே எடத்துல கெடைக்கிற சகி மையம்னு ஒண்ணு மாவட்டத்துக்கு இருக்கு. மகளிர் காவல் நிலையத்துல மனு குடுத்தா பெரும்பாலும் ரெண்டு பேரையும் கூப்பிட்டு "சேந்து வாழுங்க"ன்னு எழுதி வாங்கி அனுப்பப் பாப்பாங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மனு ரசீது கேட்டு வாங்கிக்கோங்க. அடிபட்டா ஆஸ்பத்திரில நடந்தத நடந்த மாதிரி சொல்லி ஏஆர் காப்பி (அடிபட்டு வந்தவங்கள ஆஸ்பத்திரில பதிவு பண்ற விபத்துப் பதிவேட்டு நகல்) போடச் சொல்லுங்க, பின்னாடி கோர்ட்ல பேசப் போறது அந்தக் காகிதம்தான். கூடவே அடிபட்ட எடத்த தேதியோட போட்டோ எடுத்து வைங்க.

இந்தக் கர்ப்பம் அவங்களுக்கு வேணுமா வேணாமான்னு யாராவது கேட்டிருக்காங்களான்னு எனக்கு சந்தேகம். வேணும்னா நல்லபடியா பெத்துக்கட்டும். வேணாம்னா, 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் முடிவு, கட்டாய உறவால உண்டான கர்ப்பம் மாதிரி சில நிலைமைக்கு 24 வாரம் வரைக்கும் ரெண்டு டாக்டர் முடிவு, 18 வயசு ஆன பொண்ணுக்கு புருஷன் கையெழுத்து சட்டப்படி தேவையே இல்ல, ஆஸ்பத்திரில கேட்டா அது தேவையில்லன்னு சொல்லுங்க. ஆனா ரெண்டு பக்கமும் யாரும் அவங்கள தள்ளக் கூடாது, நீங்களும்தான். நாலு மாசம்ங்கிறதால நாள் கம்மி, தள்ளிப் போடாம கேளுங்க. கர்ப்பிணி அட்டையில அடுத்த செக்கப் தேதி போட்டிருக்கும், அன்னைக்கு மாமியாருக்குப் பதிலா பெரியம்மாவோ நீங்களோ கூடப் போற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டு, உள்ள போனதும் நர்ஸம்மாகிட்ட "தனியா கொஞ்சம் பேசணும்"னு அக்காவ சொல்லச் சொல்லுங்க.